சோதனைக் குழாயும் கோழிக் கூடும்

மாலை மதரஸா முடிந்து வெளியே வந்தபோது, கணவரை இழந்த சகோதரி ஒருவர் வாசலில் காத்திருந்தார். பதினான்கு நாட்டுக்கோழிகளே அவருடைய வாழ்வாதாரம்.

"ஹஜ்ரத், அடுத்த தெருக் கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் வந்துவிட்டதாம். ஏதேனும் வழி சொல்லுங்கள்" என்றார்.

அந்த வாரந்தான் மருத்துவக் காளான்களைப் பற்றிய கட்டுரை ஒன்றைப் படித்திருந்தேன். கனோடெர்மா என்னும் மரக்காளானின் சாறு இந்நோய்க் கிருமியைத் தடுப்பதாக அதில் கண்டிருந்தது. காளான் வகையொன்றின் நீர் கண்ணுக்கு நிவாரணம் என்ற கருத்துடைய நபிமொழியும் நினைவில் எழுந்தது. காளான் பொடியை வாங்கி, தண்ணீரில் கலந்து கொடுக்கச் சொன்னேன்.

பத்தே நாள்களில் கழுத்து முறுக்கி, பச்சையாய்க் கழிந்து பதினொரு கோழிகள் மாண்டன. "அல்லாஹ்வின் நாட்டம்" என்றார் அச்சகோதரி. என் அறியாமையை அந்தச் சொல்லுக்குப் பின்னே ஒளித்துக்கொள்ள என் மனம் இசையவில்லை.

கால்நடை மருத்துவர் ஒருவரிடம் சென்றேன். 1926இல் இங்கிலாந்தின் நியூகாசிலிலும், 1927இல் நம் நாட்டின் இராணிக்கேத்திலும் அறியப்பட்ட நோய் இது. உயிரணுவுக்குள் பெருகிய வைரஸ், நியூராமினிடேஸ் என்னும் நொதியால் தன் பிணைப்பை அறுத்துக்கொண்டு வெளியேறுகிறது. அந்நொதியின் வேலையைக் காளான் சாறு தடுத்தது உண்மையே. ஆயினும் அது ஆய்வுக்கூடத்தில் கண்டது.

"சோதனைக் குழாயில் தடுப்பது வேறு, நோயுற்ற கோழியைப் பிழைக்க வைப்பது வேறு. இந்நோய் வந்தபின் குணப்படுத்தும் மருந்து இல்லை. வருமுன் தடுப்பூசிதான் காவல்" என்றார் அவர். குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு; எட்டு வாரமானபின் இறக்கைக்கடியில் ஓர் ஊசி. அவ்வளவே.

வீடு திரும்பும் வழியில் வெட்கம் என்னைத் தின்றது. ஒரு நபிமொழியை அதன் எல்லைக்கு அப்பால் இழுக்காதீர்கள் என்று மாணவர்களுக்கு நாள்தோறும் சொல்பவன் நான். அதில் கூறப்படுவதோ பாலைநில மண்ணுக்குள் விளையும் வகை; நான் சொன்னதோ மரத்தில் முளைப்பது. அங்கே கண்; இங்கே கோழி. மார்க்கத்தில் செய்யத் துணியாத பிழையை மருத்துவத்தில் எவ்வளவு எளிதாகச் செய்துவிட்டேன்!

அவரிடம் தவற்றை ஒப்புக்கொண்டு, பதினொரு குஞ்சுகள் வாங்கிக் கொடுத்தேன். கால்நடை மருந்தகத்திற்குக் கூடையை நானே சுமந்து சென்றேன்.

காளான் ஆய்வு வளரட்டும். ஒருநாள் அது பயன் தரவுங்கூடும். அதுவரை, அன்புச் சகோதரிகளே, உங்கள் கோழிகளுக்குத் தடுப்பூசி போடத் தவறாதீர்கள்.