பதில் சொல்ல ஆள் இல்லாத புத்தகம்

ஹென்றி புஷ்கின் எழுதின 'ஜானி கார்சன்' புத்தகத்தை நேத்து ராத்திரி முடிச்சேன்.
தூக்கமே வரல.

அமெரிக்க டிவியில 1962லேர்ந்து 1992 வரைக்கும், 30 வருஷம் 'டுநைட் ஷோ' நடத்தினவர் கார்சன். தூங்கப்போறதுக்கு முன்னாடி ஒரு நாடே அவர் முகத்தைப் பார்த்துச்சு.

புஷ்கின் அவரோட வக்கீல். டென்னிஸ் கூட்டாளி. நண்பர். நிகழ்ச்சியிலயே கார்சன் இவரைப் பட்டப்பேர் சொல்லிக் கிண்டல் பண்ற அளவுக்கு நெருக்கம்.
எண்பதுகளோட கடைசியில உறவு முறிஞ்சுது.
2005ல கார்சன் போயிட்டார். 2013ல புத்தகம் வந்துச்சு.

அதுல ஒரு இடம்.
1970. மனைவி மேல சந்தேகம். அவங்க ரகசியமா வச்சிருந்த வீட்டுக்குள்ள ஆளுங்களோட நுழையறார் கார்சன். கூடவே இந்த இளம் வக்கீல். அங்க பார்த்ததுல கார்சன் உடைஞ்சு அழுதாராம். இடுப்புல துப்பாக்கி வேற.

அந்த அழுகையைப் பக்கத்துல நின்னு பார்த்தவரேதான் அதை எழுதறார்.
எனக்கு அதுதான் தாங்கல.

புஷ்கினோட கசப்புக்கு நியாயம் இருக்கலாம். கார்சன் லேசான மனுஷன் இல்ல. அவர் நிகழ்ச்சியில வந்துகிட்டிருந்த நகைச்சுவைக் கலைஞர் ஜோன் ரிவர்ஸ் 1986ல போட்டி நிகழ்ச்சிக்குப் போனதும், அவங்ககூடப் பேசறதையே அடியோட நிறுத்தினவர்.

ஆனா வக்கீல்கிட்ட சொன்னதும், நண்பன்கிட்ட அழுததும் விலைக்கு வர்ற சரக்கா?

அதேசமயம், அந்த மனுஷனோட சிரிப்பை இவ்வளவு ரசிச்சு எழுதினவரை வெறும் துரோகின்னு தள்ளவும் மனசு வரல.

நம்ம முன்னாடி அழுத ஒருத்தரோட கண்ணீர், பிரிஞ்சதுக்கப்புறம் யாருக்குச் சொந்தம்?
நீங்களா இருந்தா எழுதுவீங்களா?