உம்மாவின் வளவில் பத்து இரவுகள்



வானின் கூரையில் சோலார் பெனல் பூட்டிய படத்தைப் போட்ட நாளிலிருந்து, "எந்த சார்ஜ் கொன்ட்ரோலர் வாங்கினீர்கள், சேர்?" என்று இன்பொக்ஸில் நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். ஒரு வரியில் பதில் சொல்லலாம். ஆனால் நாங்கள் ஏமாந்த கதையையும் சேர்த்துச் சொன்னால்தான் உங்களுக்குப் பிரயோசனம்.

எங்கள் உம்மா பிறந்தது மன்னார் எருக்கலம்பிட்டியில். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது படகில் கல்பிட்டிக்கு வந்து சேர்ந்தவர். அதற்குப் பிறகு புத்தளம்தான் வீடு. யுத்தம் முடிந்தபின் பல தடவை வளவைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறோம். காலையில் போய் மாலையில் திரும்பிவிடுவோம். வளவில் வீடும் இல்லை, கரண்டும் இல்லை. "ஒரு ராத்திரியாவது அங்க படுக்கணும் மகன்" என்பது உம்மாவின் ஆசை.

பழைய டொல்பின் வான் ஒன்று வாங்கி, பின் சீற்றுகளைக் கழற்றிக் கட்டில் போட்டோம். ஏப்ரல் விடுமுறையில் பத்து நாள் தங்குவது திட்டம். மிச்சமிருந்த ஒரே சிக்கல் உம்மாவின் இன்சுலின். திறக்காத போத்தல்களை 2 முதல் 8 பாகை செல்சியஸில் வைக்க வேண்டும். சூடானாலும் பழுது, உறைந்தாலும் பழுது. ஐஸ் பெட்டி ஒரு நாளைக்குச் சரி, பத்து நாளைக்குச் சரிவராது. அதனால் 12 வோல்ட் சின்ன பிரிஜ் ஒன்று, 100 அம்பியர் மணி ஈய அமில பற்றரி ஒன்று, வீட்டுக் கூரைக்குப் பூட்டும் 330 வாட் பெனல் ஒன்று என்று வாங்கினோம்.

கொன்ட்ரோலர் வாங்கும்போதுதான் கை இறுகியது. எம்பிபிடி நல்லது, பிடபிள்யூஎம் மலிவு என்பது தெரியும். கடையில் "எம்பிபிடி" என்று அச்சடித்த பெட்டி ஒன்று மற்றவற்றின் மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடைத்தது. சந்தோஷமாக வாங்கி வந்தோம். நாங்கள் இருவருமே ஆசிரியர்கள், அதிலும் ஒருவர் விஞ்ஞானம் படிப்பிப்பவர் என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறோம்.

நல்லவேளை, புத்தளத்திலேயே வீட்டு முற்றத்தில் ஒத்திகை பார்த்தோம். இன்சுலினுக்குப் பதிலாக தண்ணீர்ப் போத்தல்களும் ஒரு தெர்மாமீற்றரும். இரண்டாம் இரவே பிரிஜ் நின்றுவிட்டது. சுபஹுக்கு எழும்பிப் பார்த்தால் உள்ளே 19 பாகை. அது உம்மாவின் மருந்தாக இருந்திருந்தால்?

அன்று காலை மல்டிமீற்றரோடு கூரையில் ஏறினோம். பெனலைத் தனியே அளந்தால் 39 வோல்ட். கொன்ட்ரோலரில் இணைத்துப் பற்றரி சார்ஜ் ஆகும்போது அளந்தால் 13 வோல்ட்தான். விசயம் விளங்கிவிட்டது.

பிடபிள்யூஎம் கொன்ட்ரோலர் ஒரு சுவிச் மாதிரி. பெனலை நேரே பற்றரியோடு சேர்க்கும், பெனலின் வோல்டேஜும் பற்றரியின் அளவுக்கு இறங்கிவிடும். எங்கள் பெனல் தன் முழுச் சக்தியை 33 வோல்ட்டில் 10 அம்பியராகத் தருவது. 13 வோல்ட்டுக்கு இழுத்தால் 13 பெருக்கல் 10, வெறும் 130 வாட். மிச்சம் 200 வாட் வீண். உண்மையான எம்பிபிடி என்றால் பெனலை 33 வோல்ட்டுக்குக் கிட்ட நிறுத்தி, உபரி வோல்டேஜை அம்பியராக மாற்றித் தரும். பற்றரிப் பக்கம் 25 அம்பியர் வரை வரும். எங்கள் பெட்டிக்குள் இருந்தது பிடபிள்யூஎம். வெளியே மட்டும்தான் எம்பிபிடி.

18 வோல்ட் சின்ன பெனல் வைத்திருப்பவர்கள் பயப்படத் தேவையில்லை. அங்கே இழப்பு குறைவு, நல்ல பிடபிள்யூஎம் போதும். வீட்டுப் பெனலை 12 வோல்ட் பற்றரியோடு சேர்ப்பவர்களுக்குத்தான் எம்பிபிடி கட்டாயம்.

இரண்டாவது தடவை வாங்கும்போது நாலு விசயம் பார்த்தோம். ஒன்று, அம்பியர். 330 வாட்டை 13 ஆல் பிரித்தால் 25, ஆகவே 30 அம்பியர். இரண்டு, தாங்கும் வோல்டேஜ். பெனலின் 39 வோல்ட் குளிரில் இன்னும் ஏறும், ஆகவே 100 வோல்ட் தாங்குவது. மூன்று, பற்றரி வகையைத் தெரிவுசெய்யும் வசதி. ஈய அமிலத்துக்கும் லிதியத்துக்கும் சார்ஜ் முறை வேறு வேறு, பிழையாக வைத்தால் பற்றரி சாகும். நாலு, பாரம். மின்மாற்றும் சுருள் உள்ளே இருப்பதால் உண்மையான எம்பிபிடி கையில் கனக்கும். பூட்டும்போது முதலில் பற்றரி, பிறகுதான் பெனல். பற்றரிக்குக் கிட்ட ஒரு பியூஸ். இவ்வளவுதான்.

மறுபடி முற்றத்தில் மூன்று நாள் ஒத்திகை பார்த்தோம். பிரிஜ் 5 பாகையில் நின்றது. அல்ஹம்துலில்லாஹ். அதற்குப் பிறகே மன்னாருக்குப் புறப்பட்டோம்.

வளவில் வாப்பா நட்ட வேப்பமரம் இன்னும் நிற்கிறது. உம்மா இறங்கியதும் சொன்ன முதல் வார்த்தை, "வான மரத்துக்குக் கீழ விடுங்க மகன், வெயில் கொளுத்துது." எங்களுக்குத் தர்மசங்கடம். பெனலின் ஒரு மூலையில் நிழல் விழுந்தாலே மின்சாரம் நன்றாகக் குறைந்துவிடும், அதற்கு எந்தக் கொன்ட்ரோலராலும் ஒன்றும் செய்ய முடியாது. விளக்கிச் சொன்னோம். உம்மா கொஞ்சம் யோசித்தார். "அப்ப வான் வெயில்ல நிக்கட்டும், நான் மரத்துக்குக் கீழ இருக்கிறன்" என்றார்.

அப்படியே பத்து நாளும் கழிந்தன. பகலில் வேம்படியில் பாய் விரித்து உம்மா இருப்பார். போகிற வருகிற ஆட்களெல்லாம் நின்று, யாருடைய மகள் என்று கேட்டு, பழைய கதை பேசிவிட்டுப் போவார்கள். இரவில் வானுக்குள் படுப்பார். முதல் இரவு நாங்கள் பிரிஜ் ஓடுகிறதா என்று இரண்டு தடவை எழும்பிப் பார்த்தோம். அது ஓடிக்கொண்டிருந்தது. உம்மா நல்ல நித்திரை.

பெட்டியின் மேல் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். ஒரு மீற்றரை வைத்து அளந்து பாருங்கள். உம்மாவின் ஆரோக்கியத்துக்கு துஆ செய்யுங்கள். அடுத்த விடுமுறையிலும் போகவேண்டுமாம்.