உதறிய வடிவும் பறிக்கப்பட்ட வடிவும்

திராவகம் பட்ட கணத்தே தோல் வெந்து இறுகும். நீரால் நெடும்பொழுது கழுவாதொழியின் அஃது உள்ளே அரித்துச் செல்லும். இமை சுருங்குதலின் விழி மூடமாட்டாது உலர்ந்து ஒளி மழுங்கும். குருத்தெலும்பாலாய காதும் மூக்கும் எளிதிற் சிதையும். ஆறிய வடுவும் வாளா இராது. கழுத்துத் தழும்பு நாளடைவிற் சுருங்கி மோவாயை மார்பை நோக்கி இழுக்கும். வாய் குறுகி உண்டலும் அரிதாம். வேற்றிடத்துத் தோலை எடுத்து ஒட்டும் அறுவையோ ஒருமுறையோடு முடிவதன்று.

2005ஆம் ஆண்டில் தில்லி மாநகரில் இலக்குமி அகர்வால் என்னும் 15 அகவைச் சிறுமிக்கு இக்கொடுமை நேர்ந்தது. ஒருவன் விருப்பத்திற்கு இசையாமையே அவள் செய்த 'குற்றம்'. பின்னர் அவர் தொடுத்த வழக்கிலே, 2013ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், வாங்குவோர் பெயரைப் பதியாது திராவகம் விற்றலாகாதென்றும், 18 அகவை நிரம்பாதார்க்கு விற்றலே கூடாதென்றும், ஊறுபட்டார்க்குக் குறைந்தது 3 இலட்சம் ரூபாய் அளித்தல் வேண்டுமென்றும் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது.

உள்ளத்துப் புண்ணை அளந்து ஈடுசெய்தல் எவர்க்கும் இயலாது. கண்ணாடிக்கு அஞ்சுதல், பின்னே காலடியோசை கேட்பின் நடுங்குதல், கனவிலும் அந்நிகழ்ச்சியையே மீளக் காண்டல், வாயிலைக் கடவாது ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடத்தல், ஒரு பிழையும் செய்யாதிருந்தும் தன்னையே நோதல் என இவை ஊறுபட்டார் பலர்பாற் காணப்படுவன.

இவர்க்குச் சைவர் சிலர் கூறும் ஆறுதல் ஆராயத்தக்கது. 'காரைக்காலம்மையார் எழில்வடிவை நீத்துப் பேய்வடிவு கொண்டிலரோ?' என்பர். அம்மையார் இறைவனை வேண்டித் தாமே ஊனுடம்பை உதறினார். இப்பெண்ணோ வேண்டாதிருக்கப் பிறன் பறித்தான். இரண்டும் ஒன்றெனல் அம்மையார் பெருமையையும் அறியாமை. உடல் பொய்யெனத் தள்ளுதலும் சித்தாந்தமன்று. மலவிருளிற் கிடக்கும் உயிர்க்கு விடியுமளவும் இறைவன் ஏற்றித் தந்த விளக்கன்றோ இவ்வுடம்பு? அதனை ஒருவன் உடைத்தபின், 'விளக்கு நிலையாதது' என்பது எத்துணை ஆறுதலாம்!

'எல்லாம் அவள் வினை' என்பார்க்கும் ஒன்று கூறலாம். பிராரத்தம் எவ்வழி வந்து பொருந்தினும், ஊறு செய்தவனுக்கு அச்செயல் ஆகாமியமாய் ஏறுதல் தப்பாது. கண்டு முகஞ்சுளித்து விலகினார்க்கும் அவ்வாறே.

சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பு. அருவருக்கும் விழிகளிடையே வாழும் உயிர் தன்னையும் அருவருக்கும். அன்புடையாரிடையே அதுவே தலைநிமிரும். ஆக்ராவில் 2014ஆம் ஆண்டிலே, இங்ஙனம் ஊறுபட்ட மகளிரே நடத்தும் சிற்றுண்டிச்சாலை ஒன்று தொடங்கப்பெற்றது. அங்கு அவர்கள் முகத்தை மறையாது வருவோரை எதிர்கொண்டு, அவர் கண்களை நேர்நோக்கி, தேநீர் கொணர்ந்து வைப்பர்.