நீலச் சிட்டு குடித்த பால்

இலண்டனுக்குத் தென்மேற்கே, வோக்கிங் நகரை ஒட்டிய ஹார்செல் என்னும் சிற்றூரில் என் இளமை கழிந்தது. காயல்பட்டினத்திலிருந்து பிழைப்பை நாடிச் சென்ற வாப்பா அங்கே குடியமர்ந்ததற்கு வோக்கிங் பள்ளிவாசலும் ஒரு காரணம். போப்பால் பேகம் ஷாஜஹானின் பொருளுதவியால் 1889இல் எழுந்த பள்ளி அது. நடந்தே போய்விடலாம்.

1984இல் ரமளான் ஜூன் மாதத்தில் வந்தது. அந்நாட்டுக் கோடையில் கதிரவன் மறைய இரவு மணி 9.20 ஆகும். எனக்கு வயது பத்து. வேண்டாமென்று உம்மா தடுத்தும் கேளாமல் நோன்பு நோற்றேன்.

விடியற்காலையில் பால்காரர் வாசற்படியில் கண்ணாடிப் பாட்டில்களை வைத்துச் செல்வார். மெல்லிய உலோகத் தாள்தான் மூடி. நீலச் சிட்டுகள் அதைக் கொத்தித் துளையிட்டு, மேலே திரண்ட ஆடையை உண்டுவிடும். குளிர்நாட்டுப் பறவைக்கும் பிழைக்கத் தெரிந்திருந்தது!

ஒரு சனிக்கிழமை, ஸஹருக்கு எழுந்த களைப்பில் உம்மா கண்ணயர்ந்திருந்தார்கள். அண்டை வீட்டுப் பிள்ளைகளோடு பந்தாடித் திரும்பினேன், நா வறண்டிருந்தது. வாசலில் பாட்டில். மூடியை விரலால் குத்தினேன்.

"சிட்டு குடித்துவிட்டது உம்மா!"

பாதி ஒழிந்திருந்த பாட்டிலை உம்மா சற்றுநேரம் பார்த்தார்கள்.

"நீண்ட அலகுள்ள சிட்டு போலும்" என்றதோடு சரி. வாப்பாவிடமும் சொல்லவில்லை. அன்றிரவு நோன்பு திறக்கையில் முதல் பேரீச்சம்பழத்தை என் கையில்தான் வைத்தார்கள். அது தொண்டையில் இறங்கவில்லை.

டிசம்பரில் அங்கே மாலை நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும். அந்தக் குறும்பகல்களில் ஒன்றில், எவரிடமும் கூறாமல் அந்த நோன்பை நோற்றேன். பள்ளிக்கூடம் விட்டு வீட்டினுள் நுழைந்தபோது அடுப்பில் நோன்புக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது.