டர்போவுக்கு முதல்ல ஆயில், அப்புறம்தான் அலங்காரம்

மக்களே, ஒரு வழியா நானும் கார்க்காரன் ஆயாச்சு. 2015 மாடல் ஸ்விஃப்ட் டீசல், வி.டி.ஐ. நான் ரெண்டாவது ஓனர். பந்தாவுக்காக வாங்கலை. அம்பாசமுத்திரத்தில் இருக்கிற அப்பாவை மாசம் ரெண்டு தடவை பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வரணும். பஸ்ல ஏறி இறங்க அவரால முடியலை. ராத்திரி அவசரம்னு கிளம்பினா, நடுவழியில சேரன்மகாதேவி பக்கம் வண்டி நின்னுடக் கூடாது. நம்ம கண்டிஷன் இது ஒண்ணுதான்.

வண்டி வந்த அன்னைக்கே அக்கா பையன் ஒரு லிஸ்டோட ஆஜர். "மாமா, மொதல்ல ரீமேப். அப்புறம் பெரிய அலாய் வீல். சைலன்சரையும் மாத்திட்டா சத்தம் கும்முனு இருக்கும்." எஞ்சினியரிங் படிக்கிற பையன், விவரமாத்தான் பேசுவான். "இரு மருமவனே, மொதல்ல மெக்கானிக் அண்ணாச்சி பார்க்கட்டும்"னு சொல்லிட்டேன்.

இந்த எஞ்சினைப் பத்திக் கொஞ்சம். 1248 சிசி, 75 குதிரைசக்தி. ஃபியட்டோட மல்டிஜெட் இது. மாருதி, டாட்டா, ஃபியட்னு பல கம்பெனி வண்டிகள்ல இதே எஞ்சின் ஓடினதால 'தேசிய எஞ்சின்'னே பேரு. 2020 ஏப்ரல்ல பி.எஸ். 6 விதி வந்தப்போ மாருதி டீசலையே நிறுத்திட்டாங்க. ஆனா நம்ம ஊர்ப் பக்கம் இன்னும் தெருவுக்கு ரெண்டு நிக்கும். அதனால உதிரிபாகத்துக்கும் கை தேர்ந்த மெக்கானிக்குக்கும் பஞ்சமில்லை.

டர்போங்கிறது 1905-லயே ஆல்ஃபிரட் பியூஷிங்கிற சுவிஸ் எஞ்சினியர் காப்புரிமை வாங்கின யோசனை. வெளியே போற புகையோட வேகத்துல ஒரு சக்கரம் சுத்தும், அதே தண்டுல இருக்கிற இன்னொரு சக்கரம் காத்தை அமுக்கி எஞ்சினுக்குள்ள தள்ளும். வீட்டு சீலிங் ஃபேன் நிமிஷத்துக்கு 350 சுத்து சுத்தும்னா, இது ஒரு லட்சத்துக்கும் மேல சுத்தும். ஒரு பக்கம் நெருப்பு மாதிரி புகை, நடுவுல அந்தத் தண்டு, அதைக் காப்பாத்துறது மெல்லிசா ஒரு ஆயில் படலம், அவ்வளவுதான். ஆயில் கெட்டா மத்த எஞ்சின் முனகும், டர்போ செத்தே போகும்.

அண்ணாச்சி முதல்ல பானெட்டைத் திறக்கவே இல்லை. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பார்த்தார். தரை விரிப்பைத் தூக்கினார், ஸ்டெப்னி குழியில விரலை விட்டுத் தடவினார். "வெள்ளத்துல முங்குன வண்டியான்னு பாக்கேன். பெல்ட்டுல சேத்துக்கோடு இருந்தா அம்புட்டுதான்." 2023 டிசம்பர் 17, 18-ல பேஞ்ச மழையை நாம யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. தாமிரபரணி ஊருக்குள்ள வந்து எத்தனை கார்களைக் குளிப்பாட்டிச்சு! அதையெல்லாம் துடைச்சு, சென்ட் அடிச்சு விக்கிறவங்களும் உண்டு. நம்ம வண்டி பாஸ்.

அப்புறம் ரேஸ் பண்ணிப் பார்த்தார். கறுப்புப் புகை. "பயப்படாதீய. கறுப்புன்னா டீசல் ஜாஸ்தி, காத்து கம்மி. நீலமா வந்தாத்தான் ஆயிலைக் குடிக்குதுன்னு அர்த்தம்." காத்துக் குழாயைக் கழட்டி டர்போ தண்டை விரலால ஆட்டினார். பக்கவாட்டுல லேசா ஆடலாம், முன்னும் பின்னும் ஆடக் கூடாதாம். ஆடலை. கோளாறு எங்கேன்னா, இன்டர்கூலருக்குப் போற ரப்பர் ஹோஸ்ல ஒரு கீறல். அமுக்கின காத்து பாதி வழியிலயே விசிலடிச்சுட்டு வெளியே போயிருக்கு. இந்த லட்சணத்துல ரீமேப் பண்ணியிருந்தா, இன்னும் கொஞ்சம் டீசலைக் கொட்டி இன்னும் கொஞ்சம் புகைதான் வாங்கியிருப்போம் :-)

செஞ்ச வேலைகள்: புது ஹோஸ். கையேட்டுல போட்டிருக்கிற கிரேடுல ஆயில், கூடவே ஆயில் ஃபில்டர். டீசல் ஃபில்டர். ஏர் ஃபில்டர் (ஆனி, ஆடிக் காத்துல நம்ம ஊர்ப் புழுதி தெரியும்ல, டர்போ அதையும் சேர்த்துத்தான் இழுக்கும்). கரி அப்பியிருந்த ஈ.ஜி.ஆர். வால்வைச் சுத்தம் பண்ணினது. ரேடியேட்டர்ல துரு நிறத்துல வெறும் தண்ணி இருந்துச்சு, அதைக் கழுவிவிட்டுப் புது கூலன்ட். குடிக்கத்தான் தாமிரபரணி, ரேடியேட்டருக்கு அதுவும் ஆகாது.

மாடிஃபிகேஷன்னு சொன்னா ஒண்ணே ஒண்ணு. ஹெட்லைட்டுக்கு ரிலே வயரிங். பல்பு அதே 60/55 வாட்தான், ஆனா பேட்டரி கரண்ட் சுவிட்ச் வழியா அலையாம நேரா போறதால வெளிச்சம் பளிச்சுனு இருக்கு. அம்பை ரோட்டுல ராத்திரி குறுக்கே மாடு வரும், அறுப்பு சமயத்துல லைட்டே இல்லாத டிராக்டர் வரும். டயர் நாலும் புதுசு, கம்பெனி கொடுத்த அதே 165/80 ஆர்14 அளவு. பழைய டயர்ல பட்டன் நிறைய இருந்துச்சு. ஆனா பக்கவாட்டுல இருக்கிற நாலு இலக்க எண் 2317. அதாவது 2017-ஓட 23-வது வாரம் செஞ்சது. ரப்பர் கல்லாயிருந்துச்சு.

மருமகன்கிட்ட சட்டத்தையும் சொன்னேன். கம்பெனி கொடுத்த வடிவத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமே சொல்லியாச்சு. அதே வருஷத் திருத்தத்துல, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபா அபராதமோ ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலோ உண்டுன்னு வந்திருக்கு. அவனுக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு. ஆனா சர்வீஸ் முடிஞ்சு பாபநாசம் செக்போஸ்ட் தாண்டி சொரிமுத்து அய்யனார் கோயில் ஏத்தத்துல அவனையே ஓட்டச் சொன்னேன். ரெண்டாவது கியர், முள்ளு 2000-த்தைத் தொட்டதும் வண்டி சும்மா ஜிவ்வுனு இழுத்துச்சு. "மாமா, இது அதே வண்டிதானா?"ன்னான். அதே வண்டிதான் மாப்ளே, இப்பதான் முழு மூச்சு விடுது.

இனி ரெண்டே பழக்கம். காலையில ஸ்டார்ட் பண்ணினதும் உறுமக் கூடாது, ஆயில் மேல ஏறட்டும். விரட்டி ஓட்டிட்டு வந்து டக்குனு ஆஃப் பண்ணக் கூடாது, அரை நிமிஷமாவது சும்மா ஓடட்டும். சூடா சுத்துற டர்போவுக்கு ஆயில் நின்னா உள்ளேயே கருகிடும்.

பழைய டர்போ வண்டி வாங்கப் போறீங்களா? விலை பேசும்போதே இந்த முதல் சர்வீசுக்கும் டயருக்கும் ஒரு தொகையைத் தனியா ஒதுக்கி வச்சிருங்க. அது மிஞ்சினா அலாய் வீல் பார்த்துக்கலாம். நமக்கு மிஞ்சலை. ஆனா போன வாரம் ராத்திரி ரெண்டு மணிக்கு அப்பாவை ஏத்திக்கிட்டு வந்தேன், வழியில ஒரு இடத்துலகூட வண்டியைப் பத்தி நினைக்கவே இல்லை.