ஒடியலுக்கு ஏற்ற மோட்டர்

நெடுந்தீவிலிருக்கும் சின்னம்மா வீட்டு வளவில் சின்ன மில் ஒன்று போடுகிறார். காயவைத்த பனங்கிழங்கான ஒடியல், குரக்கன், வறுத்த அரிசி என்று அயலவர் கொண்டுவருவதை அரைத்துக் கொடுக்கலாம் என்பது அவருடைய எண்ணம். மில் வந்துவிட்டது. மோட்டர்தான் பாக்கி. “தம்பி, மூண்டு குதிரைவலுவிலை எடுப்பமே? பலமாக் கிடக்கட்டும்” என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன். ஊர்காவற்றுறைக்கு யாழ்ப்பாணத்து லைனே வருகிறது. நெடுந்தீவு கடலுக்கு அப்பால் தனித்துக் கிடக்கிறது. அங்கே டீசல் ஜெனரேட்டர்களை நம்பித்தான் எல்லா வீடும். மோட்டர் ஓடத் தொடங்கும் கணத்தில், வழமையாக இழுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். பெரிய மோட்டர் என்றால் லைனின் கடைசி வீட்டில் வோல்டேஜ் படுத்துவிடும். வோல்டேஜ் ஐந்தில் ஒரு பங்கு இறங்கினாலே முறுக்குவிசையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். வோல்டேஜின் வர்க்கத்தைத் தொடர்ந்தே விசை இறங்குவதுதான் காரணம். சுழலாத மோட்டர் உறுமும், சூடேறும், கடைசியில் சுருள் கருகும்.

வேகத்துக்கும் இதே கவனம் வேண்டும். நன்றாகக் காய்ந்த ஒடியல் இரண்டைத் தட்டிப் பாருங்கள், ‘கணீர்’ என்று கேட்கும். அத்தனை கடினம், உள்ளே நாரும் உண்டு. அதை மெல்லச் சுழன்று பலமாக நெரிக்க வேண்டும். 1,440 சுற்று ஓடும் மோட்டரில் 3 அங்குலக் கப்பியும், மில்லில் 12 அங்குலக் கப்பியும் போட்டுப் பெல்ட் மாட்டினால் மில் 360 சுற்றுத்தான் ஓடும். வேகம் நாலில் ஒன்றாகும், விசை ஏறத்தாழ நாலு மடங்காகும். வீட்டில் பியர் காய்ச்சுகிற வெளிநாட்டாரும் முளைத்த பார்லியை உடைக்க இதே வழியைத்தான் பிடிக்கிறார்கள். வேகம் கூடினால் உமி நொறுங்கி வடிகட்ட உதவாமல் போய்விடும். நம் மாவுக்கோ வேகம் கூடினால் வரும் சூடுதான் எதிரி. அரைத்த மாவை அம்மா ஓலைப்பாயில் பரப்பி, புறங்கையால் தொட்டுப் பார்த்து, ஆறிய பிறகே டப்பாவில் போடுவார். சூட்டோடு மூடினால் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

ஆகவே சொன்னது இது: ஒரு குதிரைவலு, சிங்கிள் பேஸ், ஸ்டார்ட் கப்பாசிட்டர் உள்ளது, முழுக்க மூடிய வார்ப்பிரும்பு உடல். திறந்த மோட்டருக்குள் உப்புக் காற்றும் மாத்தூசியும் சேர்ந்து புகுந்தால் ஆயுசு குறைந்துபோகும். மில்லைச் சும்மா ஓடவிட்டு, வேகம் பிடித்த பிறகே ஒடியலைக் கொட்ட வேண்டும்.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் காற்று, சூரியன், பற்றரி சேர்ந்த மின் திட்டத்துக்கு 2024 மார்ச்சில், இந்திய உதவியோடு ஒப்பந்தம் கைச்சாத்தானது. அது வந்து நிலைத்தால் மூன்று குதிரைவலு பற்றிப் பேசலாம். அதுவரைக்கும் இந்த மோட்டரோடு உபரியாக ஒரு பெல்ட்டும் ஒரு கப்பாசிட்டரும் வாங்கி, குறிகட்டுவானில் படகேற்றி விடுகிறேன் என்றேன். “ரெண்டாப் போடு தம்பி, கடல் கொந்தளிச்சா படகு வராது” என்றார் சின்னம்மா.