கீழே விழுந்த களிமண்

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர், இருக்கும் பழைய காரைப் பேணுவதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்கவில்லை. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தபோதும் விலை என் கைக்கு எட்டவில்லை.

கழுவித் துடைத்த காரின்மேல், கையைப் பொலித்தீன் பைக்குள் நுழைத்து மெல்லத் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு விரலில் தட்டுப்படும். பிரேக்கிலிருந்து பறந்த இரும்புத் துகளும் மரப்பிசினும் பெயின்றில் ஒட்டியதன் அடையாளம் அது. சவர்க்கார நீருக்கு அசையாத அவற்றை 'கிளே பார்' எனும் களிமண் கட்டி அகற்றிவிடும். பெயர்தான் களிமண், உண்மையில் செயற்கைப் பசையில் நுண்ணிய உராய்பொருள் கலந்த கலவை. வழுக்கும் திரவத்தைத் தெளித்து, அழுத்தாமல் தேய்க்க வேண்டும். அழுக்கேறினால் மடித்துப் பிசைந்து சுத்தமான பக்கத்தை வெளியே எடுக்கலாம். அப்படியொரு பக்கம் கிடைக்காதபோது புதிய கட்டி வாங்க வேண்டியதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டி கைதவறி முற்றத்து மணலில் விழுந்தது. பாதிகூடப் பயன்படுத்தியிருக்கவில்லை. எறிய மனம் வரவில்லை. நீரில் அலசிவிட்டு மீண்டும் தேய்த்தேன். வெயிலில் பார்த்தபோது முன்கதவில் நீளநீளமாய்க் கீறல்கள். மணலை விழுங்கிய கட்டி அரத்தாளாக மாறியிருந்தது.

கதவை மெருகேற்றக் கொடுத்த கூலியில் பல கட்டிகள் வாங்கியிருக்கலாம். சிக்கனம் என்று நான் எண்ணியது வெறும் கஞ்சத்தனம். இப்போது விழுந்ததை எடுத்து அலசுவதில்லை, நேரே குப்பைக்கூடைதான்.